இடக்கைச் சுழி

பிச்சையா அண்ணாச்சிக்குக் கோடீஸ்வரனாகும் ஆசை உண்டென்பது திருவனந்தபுரம் சாலைத் தெருவில் யாருக்கும் ரகசியமில்லை. தேக்கு வளர்க்கிறேன் என்று வந்தவனிடம் கொடுத்தார், ஈமு கோழிக்காரனிடம் கொடுத்தார், செல்போனுக்குள் காசு தோண்டித் தருகிறேன் என்றவனிடமும் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் கையைச் சுட்டுக்கொண்டு, நாலு நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த ஆள் வரும்வரை ஒழுங்காகப் பாத்திரம் விற்பார். அப்படி ஒழுங்காக விற்றுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், எழுந்து பில் மேஜைக்கு வந்து செல்போனை அங்கே பில் போடும் மாடத்தியின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“இதப் பாரு பிள்ள. சூடான் பணம். கட்டுக் கட்டா விக்கான். இப்பம் அங்க சண்டை நடக்குததுனால மண்ணு விலை. சண்டை நின்னா நூறு மடங்கு ஏறுமாம். நான் அட்வான்ஸ் போட்டாச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். மாடத்தி அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் காதுபட யாரும் அந்த நாட்டின் பெயரைச் சொன்னதில்லை.

சுடலைமாடத்தி என்பது முழுப்பெயர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்தவள். கிள்ளிப்பாலத்தில் ஒற்றை அறை வீடு. புருஷன் பால்பாண்டி இதே தெருவில் ஓர் அரிசி மண்டியில் காசு வாங்கிப் போடும் வேலையில் இருந்தான். இங்கே பத்து வருஷம் சம்பாதிப்பதை அங்கே மூன்று வருஷத்தில் சம்பாதிக்கலாம் என்று யாரோ சொல்ல, சூடானில் கார்ட்டூம் நகரத்தில் ஒரு மலையாளி முதலாளியின் எள் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கு அதே வேலைக்குப் போனான். அங்கே சண்டை மூண்ட ஏப்ரல் மாதத்திலேயே அவன் இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. வந்து இரண்டரை வருஷம் ஆகிறது.

“மறந்துட்டேன் பிள்ள. மனசுல வச்சுக்காத” என்றார் அண்ணாச்சி.

மாடத்தி அதற்குப் பதில் சொல்லவில்லை. போனை வாங்கி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பூப்போட்ட மெத்தை விரிப்பின் மேல் நோட்டுக் கட்டுகளை அடுக்கி வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். பக்கத்தில் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் போர்நாட்டுப் பணம், யோகமுள்ளவனுக்கு மட்டும் என்றெல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தது. மூன்றாவது படத்தில் ஒரு கட்டு குப்புறக் கிடந்தது. அதன் மூலையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பார்த்த கண்ணை அவளால் எடுக்க முடியவில்லை.

அது பிள்ளையார் சுழி. சிவப்பு மெழுகுப் பென்சிலால் போட்டது. ஆனால் இடப்பக்கம் திரும்பி நின்றது.

பால்பாண்டி இருந்த அரிசி மண்டியில் ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் நோட்டுகளைக் கட்டுப் போடும்போது, ஒவ்வொரு கட்டின் முதல் நோட்டிலும் பின்பக்க மூலையில் சிவப்புப் பென்சிலால் சுழி போட்ட பிறகுதான் பெட்டிக்குள் வைப்பார்கள். பால்பாண்டி இடக்கைக்காரன். பள்ளிக்கூடத்தில் அடித்து அடித்து வலக்கையில் எழுத வைத்திருந்தார்கள். ஆனால் கட்டை வலக்கையால் அமுக்கிப் பிடித்திருப்பதால் சுழியை மட்டும் இடக்கையால் போடுவான். அது கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி விழும். பிள்ளையாருக்கே முதுகைக் காட்டுகிறான் என்று மண்டி முதலாளி முதலில் சத்தம் போட்டார். பிறகு அது யார் கட்டு என்று கண்டுபிடிக்க வசதியாக இருக்கிறதென்று விட்டுவிட்டார். கடல் தாண்டிப் போயும் பழக்கம் விடவில்லை. கிட்டங்கிச் சம்பளத்தைக் கட்டுக் கட்டி, சுழி போட்டு, பையில் வைத்துக்கொண்டுதான் வீடியோவில் அவளிடம் பேசுவான். இந்த மாதமும் திருப்பித்தான் போட்டீங்களா என்று இவள் கேட்பாள், பிள்ளையாருக்கு என் பக்கம் பார்த்தாத்தான் பிடிக்கும் என்பான்.

அந்தப் பையைத்தான் துப்பாக்கிக்காரர்கள் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அபிஜித் சொல்லியிருந்தான்.

உள்ளூரிலேயே கரமனையில் இருக்கும் அபிஜித், பால்பாண்டியோடு அதே கிட்டங்கியில் வேலை பார்த்து, ஒரே அறையில் தங்கியிருந்தவன். சண்டை நடந்த ஊரிலிருந்து தப்பிக் கப்பலேறி வந்த நாலாம் நாள் கிள்ளிப்பாலம் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். பாண்டியண்ணனுக்கு நெஞ்சில் குண்டு பட்டது, அந்த நிமிஷமே போய்விட்டார், ஒரு சொட்டு வேதனை அறியவில்லை, தலை என் மடியில்தான் இருந்தது, நானே குழி தோண்டி அடக்கினேன் என்றான். அவன் வாயால் சொன்னதுதான் காகிதமாகி, காகிதம் சர்டிபிகேட் ஆகி வந்தது. அவள் தாலியைக் கழற்றி வைத்ததும் அவன் சொல்லை நம்பித்தான்.

அன்றைக்கு அவனைத் தேற்றியதே மாடத்திதான். தம்பி அழாதே, நீயாவது உயிரோடு வந்தியே என்றாள். சோறு போட்டாள். புருஷன் லீவில் வரும்போது போட்டுக்கொள்ளட்டும் என்று வாங்கி வைத்திருந்த புதுச் சட்டையை அவனிடம் கொடுத்தாள், அதை அவன் அங்கேயே போட்டுக்கொண்டு போனான். வருஷத் திதிக்கு முதல் இலை அவனுக்குத்தான். சோற்றைப் பிசைந்து அவன் தின்றதும், இன்னும் கொஞ்சம் வைக்கவா தம்பி என்று இவள் குனிந்து நின்றதும் இப்போது ஞாபகத்துக்கு வந்தன. அவன் மட்டும் அந்த நேரம் எதிரில் இருந்திருந்தால், பக்கத்தில் கிடந்த பித்தளை உலக்கையை எடுத்திருப்பாள்.

எடுக்காமல் இருந்தது நல்லதுதான். ஒரு அடியில் முடிகிற காரியமா இது.

“அண்ணாச்சி, இந்த ஆளுக்கு ஒரு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க” என்றாள்.

அவர் போட்டார். மறுமுனையில், “ஹலோ, ஆரா? ஆ, அட்வான்ஸ் இட்ட சேட்டன் அல்லே, பறயணும்” என்று ஒரு குரல் வந்தது. பெயரை வேறு என்னவோ சொன்னது. பெயரை மாற்றலாம், குரலை எங்கே கொண்டுபோய் மாற்றுவது? வாசற்படியில் அழுத குரல் அது. மாடத்தி தலையை ஆட்டினாள். அண்ணாச்சி பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தார்.

கடையைச் சாத்துகிற நேரம் அவள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணாச்சிக்கு முதலில் பயம்தான் வந்தது. வெளிநாட்டுப் பணத்தை இப்படி வாங்குவதும் குற்றம் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார். நேரே போலீஸுக்குப் போய்விடலாம் என்றார்.

“போலாம் அண்ணாச்சி. ஆனா இப்பமே போனா, அது என் பணம்தான்னு சொல்லுவான். வக்கீல் வச்சு வாயத் தச்சுருவான். எனக்குப் பணம் வேண்டாம். எங்க வீட்டுக்காரவுக எப்படிச் செத்தாவ, அது வேணும். அவன் வாயால வேணும். பொறவு அவனை என்ன செய்யணுமோ அதை நான் செய்வேன்.”

“சரி, அவன் எப்படி வாயத் திறப்பான்?”

“அவன் கையாலயே அவனக் கட்டிப் போடணும். நீங்க ஒரு காரியம் சொல்லுங்க. சிவப்புக் குறி உள்ள கட்டு மட்டும் போதும், அது அந்த ஊரு பேங்க் போடுத முத்திரை, அதுக்கு ரெட்டை விலை தாரேன், நேர்ல கொண்டு வான்னு சொல்லுங்க.”

அண்ணாச்சி வாயைப் பிளந்தார். பிறகு, இத்தனை வருஷம் தன்னை ஏமாற்றிய அத்தனை பேரையும் நினைத்துக்கொண்டவர்போல் உற்சாகமாகிவிட்டார். தேக்குக்காரனுக்கும் ஈமுக்காரனுக்கும் சேர்த்து அபிஜித்துக்குக் கொடுக்கலாம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

அபிஜித் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டான். மாடத்தி சாலைத் தெருவில் ஏதோ ஒரு கடையில் இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும். எந்தக் கடை என்று விசாரிக்க அவனுக்கு என்ன தலையெழுத்து?

ஞாயிற்றுக்கிழமை சாலைத் தெருவில் பாதிக் கடைகள் அடைப்பு. அண்ணாச்சி கடையின் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார். மாடியில் சரக்கறை. அண்டாக்களும் சருவங்களும் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கும். நடுவில் ஒரு மேஜை. அண்டா அடுக்குக்குப் பின்னால் மாடத்தி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். காலை பதினொரு மணி வாக்கில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. படியேறி வந்தவன் தோளில் ஒரு பை. நன்றாகச் சதை போட்டிருந்தான். அவள் கொடுத்த சட்டை இனி அவனுக்குப் பத்தாது என்று நினைத்தாள்.

“குறி இல்லாதது ஒண்ணும் இல்லேல்லா? நான் ஏமாறமாட்டேன், கேட்டியா” என்றார் அண்ணாச்சி. நடிப்பு அவருக்குச் சற்றுக் கூடுதலாகவே வந்தது.

“இல்ல சேட்டா. எல்லாம் குறியுள்ளது. ஞான்தன்னே பிரிச்சு எடுத்தது. இது பேங்க் சீல் ஆணுன்னு எனிக்கும் தெரியும்” என்று அவன் கட்டுகளை மேஜையில் பரப்பினான்.

மாடத்தி எழுந்து வந்தாள். அவனுக்குப் பின்னால் வந்து, பக்கத்தில் நின்று, அவன் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தாள். கட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, சிலவற்றை இடப்பக்கமும் சிலவற்றை வலப்பக்கமும் வைத்தாள். அவன் திரும்பிப் பார்த்ததும் பையின் வாரைப் பிடித்திருந்த கை நழுவியது.

“சேச்சி...”

“இரு. வேலைய முடிச்சிருதேன்.” கடைசிக் கட்டையும் வைத்தாள். “இந்தா, வலப்பக்கம் இருக்கதெல்லாம் நீ ரெட்டை விலைக்கு ஆசைப்பட்டு வீட்டுல இருந்து வரைஞ்சது. ஜெல் பேனா. நத்தை மாதிரி இருக்கு. இடப்பக்கம் இருக்கது எங்க வீட்டுக்காரவுக போட்ட பிள்ளையார் சுழி. இடக்கையால போட்டது. பேங்க் சீலு இல்ல.”

இரண்டரை வருஷம் அந்தக் குறியை அவன் தினமும் பார்த்திருக்கிறான். ஒரே அறையில் இருந்தும் பால்பாண்டி அதைப் போடுவதைக் கவனித்ததில்லை, அது அரபியில் எவனோ கிறுக்கியது என்றே நினைத்திருந்தான். அந்த ஊர் நோட்டுகளில் கிறுக்கல் இல்லாத நோட்டு ஏது? இப்போது தன் கையாலேயே பொறுக்கி எடுத்து, ஒன்று விடாமல் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்திருக்கிறான்.

அண்ணாச்சி கீழே போய்க் கதவை இறக்கிவிட்டு வந்தார்.

“அது... அண்ணன் எனக்குத் தந்தது சேச்சி. சாகும்போது.”

“நெஞ்சுல குண்டு பட்டு அந்த நிமிஷமே போனாருன்னு சொன்னியே. அந்த ஒரு நிமிஷத்துல பையை எடுத்துத் தந்தாரா?”

அவன் நழுவிய பையை மறுபடி தோளில் ஏற்றினான்.

“துப்பாக்கிக்காரன் பிடுங்கிட்டான்னு சொன்ன பையி, உன் மெத்தையில கிடக்கு. அப்பம் நீ சொன்னதுல எது நெசம்? குழி நெசமா? மடியில தலை வச்சது நெசமா? எங்க வீட்டுக்காரவுக செத்ததாவது நெசமாலே?”

கடைசிக் கேள்விக்கு அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரை ஒருதரம் நம்பி ஏமாந்தவள், இந்தத் தடவை அசையாமல் நின்றாள்.

“எனிக்கு அறியில்ல சேச்சி” என்றான். “ஞான் போகும்போது உயிரோடதான் இருந்தாரு.”

அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டார், மாடத்தி உட்காரவில்லை.

அவன் சொன்னது இதுதான். கிட்டங்கியிலிருந்து இரண்டு பேரும் தப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓம்துர்மான் என்ற ஊருக்கு ஓடியிருக்கிறார்கள். தெருவில் ஒரு குண்டு விழுந்து சிதறியதில் பால்பாண்டிக்குத் தொடையில் காயம், அவன் போனும் அதில் போய்விட்டது. நடக்க முடியவில்லை. தெருவோரத்தில் சாயா விற்கிற ஹலீமா என்ற பெண் இரண்டு பேரையும் வீட்டுக்குள் இழுத்துக் கதவைப் பூட்டிக்கொண்டாள். இரண்டு நாள் அங்கே கிடந்தார்கள். மூன்றாம் நாள் பால்பாண்டி பையை இவன் கையில் கொடுத்து, எவ்வளவு கேட்டாலும் கொடு, ஒரு வண்டி பிடித்துக்கொண்டு வா, நான் இங்கேயே இருக்கிறேன் என்றான். திரும்பி வர வழி தப்பிவிடக் கூடாது என்று ஹலீமா தன் நம்பரை இவன் போனில் போட்டுக் கொடுத்து, இவன் நம்பரையும் வாங்கிக்கொண்டாள். இவன் வண்டி நிற்கிற இடத்துக்குப் போனான். துறைமுகத்துக்குக் கிளம்புகிற கடைசி பஸ் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு சீட்டு இருந்தது.

“ஏறிட்டியாக்கும்.”

“பேடிச்சுப் போயி சேச்சி. மேல விமானம் சுத்துது, தெருவுல பிணம் கிடக்குது. ஏறி இருந்த பின்னாலதான் பை என் கையில இருக்கதே தெரிஞ்சுது.”

“பேடிச்சது சரி. எல்லாருக்கும் உயிரு வெல்லம்தான். கப்பல் ஏறுத இடத்துல நம்ம நாட்டு ஆபீஸர் கேட்டாருல்லா, கூட இருந்த ஆளு எங்கன்னு. அங்க குண்டு விழலியே. அங்க ஏன் செத்துட்டாருன்னு சொன்னே?”

“உயிரோட இருக்காருன்னா எங்க விட்டேன்னு கேப்பாங்க. ஏன் விட்டேன்னு கேப்பாங்க. மரிச்சுன்னு சொன்னா ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

யாரும் ஒன்றும் கேட்கவில்லைதான். செத்தவனைத் தேட யார் போவார்கள்? அங்கே தவித்த நம் நாட்டுக்காரர்கள் எத்தனையோ பேரை அரசாங்கம் தேடிப்பிடித்து அழைத்து வந்தது. பால்பாண்டியின் பெயரை இவன் ஒரே ஒரு சொல் சொல்லி அடித்துவிட்டான். குண்டு கொல்லாதவனை இவன் நாக்கு கொன்றது.

“பொறவு?”

“வீட்டுக்கு வந்த பின்னே ஹலீமாவோட நம்பர்லேர்ந்து கால் வந்துது. ஞான் எடுக்கல. பிளாக் பண்ணிட்டேன்.” பிறகு, அது ஏதோ தனக்குச் சாதகமாகும் என்று நினைத்தவன்போல், “அந்தப் பணத்தால ஒரு பிரயோஜனமும் உண்டாயில்ல சேச்சி. இங்க ஒரு இடத்திலயும் மாத்தித் தரமாட்டாங்க. அங்கேயும் பழைய நோட்டை மாத்திட்டாங்க. அதான் ஆன்லைன்ல...” என்று இழுத்தான்.

அண்ணாச்சி அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். வாழ்நாளில் ஒரு கொசுவையும் ஒழுங்காக அடித்திராத மனிதர். தன் கையையே திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“போனை எடு” என்றாள் மாடத்தி. “அந்த நம்பரைப் போடு. ஸ்பீக்கர்ல.”

அவன் பிளாக்கை எடுத்துவிட்டு வாட்ஸாப்பில் அழைத்தான். இரண்டு தடவை மணி அடித்து அடித்து நின்றது. மூன்றாம் தடவை எடுத்தார்கள். தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல் ஒரு பெண் குரல். பின்னால் எங்கேயோ ஒரு குழந்தை பேசிக்கொண்டிருந்தது.

“யாருன்னு கேக்கா” என்றான் அபிஜித்.

“பால்பாண்டி வீட்டுலேர்ந்துன்னு சொல்லு. உன் பேரச் சொல்லாத. கேக்கதை மட்டும் கேளு. அவ சொல்லுதது ஒரு வார்த்தை விடாம எனக்குச் சொல்லணும்.”

கிட்டங்கியில் பழகிய அரைகுறை அரபியில் அவன் சொன்னான். அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் பேசத் தொடங்கினாள், நிறுத்தவே இல்லை. பாண்டி, பாண்டி என்று நடுவில் வருவது மட்டும் மாடத்திக்குப் புரிந்தது. புருஷன் பெயரை வேறொரு தேசத்து வாய் அத்தனை பழக்கமாகச் சொல்வதைக் கேட்டபோதுதான் அவளுக்கு முதல் தடவையாக அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

“சொல்லு.”

“மழை தொடங்குத வரைக்கும் இருந்தாராம். ஜூலை. காலுல சீழ் வச்சிருச்சு. மருந்து கிடைக்கல. டாக்டருங்க எல்லாம் ஓடிட்டாங்க. இவ சாயாக்கடைப் பாத்திரத்த எல்லாம் வித்து ஒருத்தனக் கூட்டிட்டு வந்தாளாம், அவனும் கைய விரிச்சுட்டான்.”

“எங்க வச்சிருக்காவ?”

“வீட்டுக்குப் பின்னால மைதானத்துல. ஒரு கல்லு நட்டிருக்காம்.”

“என்ன பேசிட்டுக் கிடந்தாரு? அதைக் கேளு.”

கேட்டான். அந்தப் பெண் சொன்னாள். அபிஜித் தலையைக் குனிந்துகொண்டான். மாடத்தி அவன் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

“ஒரு வார்த்தை விடாம.”

“சேச்சி பேரச் சொல்லுவாராம், கூப்பிட நம்பர் மனசுல இல்லையேன்னு புலம்புவாராம். அப்புறம் என்னைப் பத்தி. வண்டி பிடிக்கப் போன பையன் வரல, வழியில கொன்னுட்டாங்கன்னு...” அவன் போனை மேஜையில் வைத்தான். “அவன நான்தான் அனுப்பிக் கொன்னுட்டேன், அவன் அம்மைக்கு நான் என்ன சமாதானம் சொல்லுவேன்னு அழுவாராம். தினமும். அவன் விட்டுட்டு ஓடிருப்பான்னு இவ ஒரு நாள் சொல்லிருக்கா. அன்னைக்குப் பூரா இவ கையால தண்ணி வாங்கிக் குடிக்கலயாம்.”

இவன் பால்பாண்டியைச் சாகடித்துவிட்டு அவன் திதிக்கு இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறான். அவன் இவனுக்காகத் தண்ணீர் குடிக்காமல் கிடந்திருக்கிறான்.

“இப்பம் உன் பேரச் சொல்லு” என்றாள் மாடத்தி.

“வேண்டாம் சேச்சி.”

“சொல்லு. அந்தப் பையன் நான்தான், நல்லா இருக்கேன், பஸ் ஏறி வந்துட்டேன்னு சொல்லு.”

அவன் சொன்னான். நாலைந்து வார்த்தைதான். சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டான். அந்தப் பக்கம் குழந்தையின் பேச்சு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது. மாடத்தி அந்த நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள்.

அபிஜித் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். வீட்டை விற்றுப் பணம் தருகிறேன் என்றான். ஆயுசு முழுக்க உங்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். கடைசியில், “என்னைப் போலீஸ்ல குடுத்துருங்க சேச்சி. எல்லாம் எழுதித் தர்றேன். உள்ள போய்க் கிடக்கேன்” என்றான்.

அவன் அதைக் கேட்ட விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போனால் இவனுக்கு நிம்மதி. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளலாம். நாலு வருஷம் கழித்து, கடனை அடைத்தவன்போல் வெளியே வந்து நிற்பான். வெளியில் உள்ளவர்களுக்கு வக்கீல் ஒரு கதை சொல்லிக்கொள்வார். அந்தப் பணத்துக்கு ஏமாந்த மற்றவர்களுக்கு வேண்டுமானால் அந்த ஜெயில் போதும், அவளுக்குப் போதாது.

“ஸ்டேஷனுக்கும் போவோம். அண்ணாச்சி கூட வருவாவ. அதுக்கு முன்னால கரமனைக்குப் போவோம்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “அம்மையிடத்திலயா? வேண்டாம் சேச்சி. அம்மைக்கு ஒண்ணும் அறியில்ல. அம்மை தாங்காது.”

“தெரியும்” என்றாள் மாடத்தி.

அது அவளுக்கு நன்றாகவே தெரியும். அவன் அம்மா அம்மிணிதான் சேதி வந்த பதினாறு நாளும் கிள்ளிப்பாலம் வீட்டில் வந்து கிடந்தவள். கஞ்சி காய்ச்சி ஊட்டியவள். தன் மகன் திரும்பி வந்த சந்தோஷத்தை முகத்தில் காட்டக் கூடாது என்று மாடத்தி எதிரில் சிரிக்காமலே இருந்தவள். அவள்மேல் மாடத்திக்கு ஒரு துளி கோபம் இல்லை. ஆட்டோவில் போகும்போது, அந்தக் கிழவி என்ன பாவம் செய்தாள், திரும்பிவிடலாமா என்று மனசு ஒருதரம் இடறியது. ஆனால் இவனுக்கு வலிக்கிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். வேறு எங்கே அடித்தாலும் இவன் தாங்கிக்கொள்வான். அவள் ஆட்டோவைத் திருப்பச் சொல்லவில்லை.

நோட்டுக் கட்டுகளை அண்ணாச்சி பையோடு மடியில் வைத்துக்கொண்டிருந்தார். போலீஸுக்கு வேண்டியிருக்கும் என்றார். அபிஜித் நடுவில் உட்கார்ந்திருந்தான். தப்பி ஓடுவான் என்று அண்ணாச்சி அவன் கையைப் பிடித்திருந்தார், அவன் ஓடுகிற நிலையில் இல்லை.

அம்மிணி வீட்டு முற்றத்தில் கொடியில் துணி விரித்துக்கொண்டிருந்தாள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தவள், மாடத்தியைக் கண்டதும் ஈரக் கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள். “எத்ர நாளாயி மோளே கண்டிட்டு. வா, உள்ள வா. சாயா எடுக்கட்டே” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை எப்போதும்போல் சூடாக இருந்தது. மாடத்தி அதை விலக்கவில்லை.

“சாயா வேண்டாம்க்கா. உங்க மோன் ஒரு காரியம் சொல்லணும்னு வந்திருக்கான்.”

அம்மிணி அப்போதுதான் மகனைச் சரியாகப் பார்த்தாள். கன்னத்தில் அடியின் தடம். சட்டை முழுக்க வியர்வை. முன்பின் தெரியாத ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எந்தா மோனே? ஆரெங்கிலும் மரிச்சோ?” என்று கேட்டாள்.

அவன் மாடத்தியைப் பார்த்தான். அம்மிணியும் அவள் பக்கம் திரும்பினாள்.

“ஆமாக்கா, மரிச்சிட்டாரு” என்றாள் மாடத்தி. “ஆனா உங்க மோன் சொன்ன அன்னைக்கு இல்ல. அதுக்குப் பொறவு. எப்படின்னு அவன் சொல்லுவான். நீங்க உக்காந்து கேளுங்க.”

ஒரு நாற்காலியை இழுத்து அம்மிணியை உட்கார வைத்தாள். அவள் பிடித்திருந்த கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, அபிஜித் தொடங்குவதற்காகக் காத்து நின்றாள்.